எங்க காலத்துப் பொம்மைப் படம்

"கரடி ராக்கெட்ல போவுதாம். இதெல்லாம் ஒரு பொம்மைப் படமா, தேவகி?" என்று டிவியைப் பார்த்துப் பல்லைக் கடித்தான் ராஜவேலு. "எங்க காலத்துல ஒரு படம் பாத்தா ஒரு புத்தி வரும். காலைலேர்ந்து நாலு ஓடிச்சி, ஒண்ணுலயாவது நீதி இருந்திச்சா? இப்டியே பாத்தா புள்ளைங்க சோம்பேறியாத்தான் போவும்."

அடுப்படியிலிருந்து வந்த தேவகி ரிமோட்டைப் பிடுங்கினாள்.

"புள்ள ஸ்கூலுக்குப் போயி மூணு மணி நேரமாவுது. ஏரில வலை போட இன்னிக்கி நம்ம பாடு, நம்ம முறை. விட்டா அடுத்த முறை இருபது நாள் கழிச்சிதான். கூட்டாளிங்க கூப்ட்டுக் கூப்ட்டுப் பாத்துட்டு படகை எடுத்துட்டாங்க."

ராஜவேலு தலையைச் சொறிந்தான்.

"அதான் எடுத்துட்டாங்களே. ரிமோட்டக் குடு, கரடி எறங்கிச்சானு பாத்துர்றேன்."