மூன்று கிராம் சக்களத்தி

குஞ்சு பொரித்ததற்குத் தாய்க்குருவி கொடுத்த விலை, சொந்த உடம்பில் மூன்று கிராம். காட்டோர ஆய்வுக்கூடத்தில் அதை நிறுத்துச் சொல்பவன் பறவை ஆய்வாளன் ஒருவன். துணிப்பையிலிருந்து குருவியை எடுத்து, கழுத்தை இரு விரல்களுக்கிடையில் பூப்போலத் தாங்கி, வயிற்றில் மெல்ல ஊதுகிறான். இறகுகள் விலக, அடைகாத்து வெறுமையான தோல் சன்னல் வெளிச்சத்தில் சிவக்கிறது. கைக்குழந்தையை இடுப்பில் இடுக்கியபடி கதவோரம் நிற்கும் அவன் மனைவிக்கு வயிறு எரிகிறது. றெக்கை முளைத்த சக்களத்தி!

“பாவம்டி, மழைக்கு முன்னாடி எப்படி இருந்தா! பிள்ளை பெத்து உருக்குலைஞ்சுட்டா. வர்ற கோடையைத் தாண்டுவாளோ என்னவோ.”

“நானுந்தான் பிள்ளை பெத்தேன். தராசுல ஏறி நிக்கட்டுமா?”

“ஐயையோ, அது அம்பது கிராமுக்கு மேல தாங்காதுடி,” என்கிறான், குருவியை விட்டுக் கண்ணெடுக்காமல்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மணிக்கட்டில் நழுவும் வளையலை மேலே தள்ளிவிட்டு, சீப்போடு போன முடி, குழந்தையோடு போன தூக்கம், பாலோடு போன சதை என்று மனசுக்குள் செலவை எழுதிக்கொண்டே போகிறாள். வரவுப் பக்கத்தில் அவன் பார்வை ஒன்றுகூட இல்லை.