தரை கழுவுகிறவள்

"எழுந்திரிங்கய்யா! தரை கழுவணும்!"

வின்சென்சா வாளியோடு வந்துவிட்டாள். அவள் காப்பிக்கடை வாசலில் சீட்டாடிக்கொண்டிருந்த கிழவர்கள் காலைத் தூக்கிக்கொண்டார்கள்.

"காலையிலதானே கழுவின, பிசாசே?"

"உங்க வாய் ஒழுகுதே, அதைக் கழுவ வேணாமா? உள்ளே போங்க!"

சளார்! சீட்டும் கையுமாக ஓடினார்கள்.

'இப்படி ஒரு ராட்சசி கடை நடத்தினா விளங்குமா?' என்று நினைத்தாள் சந்து முனையில் நின்ற தொனாத்தா. ஆனால் கிடைத்த சந்தர்ப்பத்தை விடவில்லை.

சந்துக்கு எதிர்ப்பக்கம் மருந்துக்கடைச் சுவரில் ஆணுறை இயந்திரம். கடை மூடியிருந்தாலும் காசு போட்டால் கொடுக்கும். தெற்கு இத்தாலியின் கலாப்ரியாவில் பாதிரியாரை ஏமாற்றலாம், காப்பிக்கடை நாற்காலிகளை ஏமாற்ற முடியாது. அத்தனையும் அந்தச் சுவரைப் பார்த்தே கிடக்கும்.

மூன்றாவது பிரசவத்தில் தொனாத்தா பிழைத்ததே மாதா புண்ணியம். மாத்திரை அவளுக்கு ஆகாது. "இன்னொண்ணு உண்டானா உயிருக்கே ஆபத்து" என்றார் டாக்டர்.

புருஷன் சவேரியோ வாங்கத்தான் போனான். "மூணும் பொண்ணு, அதுக்குள்ள கடையைச் சாத்திட்டியாடா? இல்ல, இது வெளிச் செலவுக்கா?" என்று கிழவர்கள் சிரித்தார்களாம். அதிமதுர மிட்டாயோடு திரும்பி வந்தான்.

"ஆம்பளைக்கு மானம்னு ஒண்ணு இருக்குல்ல?"

"எனக்கு உயிர்னு ஒண்ணு இருக்கே!"

அன்றிலிருந்து அவளுக்குப் படுக்கை பிள்ளைகள் அறையில்.

இப்போது அவளே வந்துவிட்டாள். காசைப் போட்டாள். இயந்திரம் விழுங்கிவிட்டுச் சும்மா நின்றது.

உள்ளே நாற்காலி நகரும் சத்தம். "முடிஞ்சுதா வின்சென்சா?"

தொனாத்தா பொத்தானை மறுபடி மறுபடி அமுக்கினாள்.

"அங்கேயே கிடங்க! வழுக்கி விழுந்தா யார் தூக்குறது?" மறுபடி சளார்.

பிறகு திரும்பிப் பார்க்காமலே, துடைப்பத்தைத் தள்ளியபடி, வின்சென்சா தணிந்த குரலில் சொன்னாள்: "பதறாதேம்மா. அது மக்கர் பண்ற மெஷின். அடியில ஒரு தட்டு தட்டு."

தட்டினாள். விழுந்தது.

"அக்கா... எனக்காகவா கழுவுறீங்க?"

"யார் வந்து அந்த முனையில தயங்கி நின்னாலும் என் தரை அழுக்காயிடும்."

தொனாத்தாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "நல்லா இருப்பீங்கக்கா. என் மூணு பிள்ளைங்களும் உங்களுக்கு..."

"போம்மா, போ. ஆறாவது பிரசவத்துல செத்துப்போன என் அக்காவுக்கு, இப்படித் தரை கழுவ ஒருத்தி இல்லாமப் போயிட்டா."