அவளோடு பார்த்த ஊர்கள்

“அருவியையும் அடிச்சிடுங்க அக்கா! அங்கேயும் போயாச்சாம்!”

வந்தவள் போனை மேஜை மேல் பொத்தென்று போட்டாள். டிராவல்ஸ் அம்மா பென்சிலை எடுத்து, அரை மணி நேரமாகப் போட்ட வழியின் நடுவில் ஒரு கோடு இழுத்தாள்.

இருபது நாள் பயணம். இந்த நாட்டில் ஒரு மூலையில் குடை பிடிக்கிற நாளில் இன்னொரு மூலையில் தார் உருகும். மழை கிழக்கே இருக்கும்போது மேற்கே நழுவ வேண்டும். அது மேற்கே வந்தால் தெற்கே இறங்கிவிட வேண்டும். நடுவில் ஓர் ஊரை உருவினால் கப்பல் தவறும், கப்பல் தவறினால் ரயில் தவறும்.

“இது மூணாவது ஊரும்மா. துணிக்கடையிலகூட மூணு துணியைப் பிரிச்சுப் போட்டா ஒண்ணாவது எடுப்பாங்க. எதெது பார்த்தாச்சுன்னு வீட்டுக்காரரை முதல்லயே கேட்டுட்டு வந்திருக்கக் கூடாதா?”

“கேட்டேனே! ‘உன் இஷ்டம், எங்கேன்னாலும் சரி’ன்னார். இங்க வந்து ஊர் பேரைச் சொன்னா, ‘ஐயோ, அங்க அவளோட போயிருக்கேனே’ங்கறார்.”

“அவளோடன்னா?”

“மூத்த பொண்டாட்டி. விட்டுட்டுப் போயிட்டா. அவளைப் பத்தி எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அவ பார்த்த ஊருங்கதான்!” வந்தவளின் மூக்கு நுனி சிவந்திருந்தது. “அவளுக்கு அருவி. அவளுக்குப் பெரிய ஆத்துல படகு வீடு. எனக்குக் கல்யாணமாகி நாலு வருஷம், மொட்டை மாடிதான். அதுவும் துணி காயப்போட!”

“சரி, மலை, காடு, தீவு மிச்சம் இருக்கு. மறுபடி ஒரு தடவை கூப்பிடு. ஸ்பீக்கர்ல போடும்மா, நானும் எடுத்துச் சொல்றேன்.”

போனில் நாலு தடவை மணி அடித்ததும், “சொல்லும்மா” என்றது தேன் தடவிய ஒரு குரல்.

பேச வாயைத் திறந்த டிராவல்ஸ் அம்மா, மூடிக்கொண்டாள். கறாரான வியாபாரிபோல, விரலால் தாளில் மலையைத் தொட்டுக் காட்டினாள்.

“வடக்கே அந்தக் குளிர்மலைக்குப் போகலாமாங்க?”

“மலையா? வேணாம்மா. அங்க குளிர்ல அவளுக்குக் கை நடுங்குச்சு. என் சால்வையைத்தான் எடுத்துப் போத்திவிட்டேன். அந்த இடத்தைத் திரும்பப் பார்க்கற தெம்பு எனக்கில்ல.”

பென்சில் முனை படக்கென்று ஒடிந்தது. டிராவல்ஸ் அம்மா அதை வீசிவிட்டுப் பேனாவை எடுத்தாள். விரல் காட்டுக்கு நகர்ந்தது.

“அப்ப மழைக்காடு?”

“அங்க மரத்து மேல கட்டின குடிசையில மூணு நாள் தங்கினோமே. ராத்திரி சிறுத்தை உறுமினப்ப, பாவம், என் தோளைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டா.”

“அந்தச் சிறுத்தை அவளைக் கடிச்சுத் தொலைச்சிருக்கக் கூடாதா!” என்று கத்தினாள் வந்தவள்.

டிராவல்ஸ் அம்மாவின் முகம் கறுத்தது. வந்த வியாபாரம் இப்படிக் கைநழுவினால் யாருக்குத்தான் கறுக்காது என்று வந்தவளுக்கே பாவமாக இருந்தது. டிராவல்ஸ் அம்மா தாளின் ஓரத்தில் ஏதோ கிறுக்கி அவள் பக்கம் தள்ளினாள். ‘தீவுக்கு எதில் போனார்? கேள்.’

“சரி, தீவு? அங்க எதுல போனீங்க?”

“தீவா?” தேன் குரல் ஒரு நொடி தயங்கியது. “ராத்திரி ரயில்லதான். ஜன்னலோரம் வேணும்னு அடம் பிடிச்சா. விடிய விடிய வேடிக்கை பார்த்துக்கிட்டே வந்தா. சரிம்மா, ஆபீஸ்ல கூப்பிடறாங்க. மனசைப் போட்டு அலட்டிக்காதே. அடுத்த வருஷம் பார்ப்போம்.”

போன் அடங்கியது. வந்தவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

“கேட்டீங்கல்ல? நாடு முழுக்க அவளுக்குச் சுத்திக் காட்டிட்டு, எனக்கு வெறும் கையை விரிக்கறார். எனக்குன்னு ஒரு ஊர்கூட மிச்சம் வைக்காத மனுஷனோட நான் எதுக்கு இருக்கணும்? எங்கம்மா வீட்டுக்கு ஒரு டிக்கெட் போடுங்க. போறதுக்கு மட்டும்.”

“உட்காரு!”

அந்த அதட்டலில் வந்தவள் உட்கார்ந்தேவிட்டாள்.

“தீவுக்கு ஏதும்மா ரயில்? சுத்தி எண்பது மைல் தண்ணி. வாரத்துக்கு ஒரு கப்பல். அதுல வாந்தி எடுக்காம கரை சேர்ந்தவன் இல்ல. தண்டவாளம் போட்டிருந்தா மீனுதான் டிக்கெட் கேட்டு வரணும்!”

“அப்ப... தீவு பொய்யா?”

“தீவு மட்டுமா? மலை பொய். சால்வை பொய். சிறுத்தை பெரிய பொய். உன்னைக் கூட்டிட்டுப் போக மனசில்ல. அதுக்கு மூத்தவளைக் கூட்டிட்டுப் போனதாக் கதை. ஊருல முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைப்பாங்க, இந்த ஆளு ஒரு நாட்டையே மறைச்சிருக்கார்!”

வந்தவளின் கோபம் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றது.

“இருங்க அக்கா. ரயில்னு சொல்லி மாட்டிக்கிட்டார், சரி. மத்த ஊருக்கும் அவளைக் கூட்டிட்டுப் போகலன்னு நீங்க எப்படி அடிச்சுச் சொல்றீங்க?”

டிராவல்ஸ் அம்மா அந்தத் தாளைக் கசக்கி எறிந்துவிட்டு, புதுத் தாளில் ‘முதல் நாள்’ என்று கிழிந்துவிடும்படி அழுத்தி எழுதினாள்.

“ஒன்பது வருஷத்துல அந்த ஆளு என்னைக் கூட்டிட்டுப் போன ஒரே இடம், குடும்பக் கோர்ட்டு.”