இரண்டாவது நிழல்

விளக்கு ஒன்று, பந்து ஒன்று. சுவரில் மட்டும் இரண்டு நிழல்கள் விழுந்தன. ஏனென்று தச்சருக்குப் புரியவில்லை.

அறிவியல் கண்காட்சிக்காக அவர் செய்தது எளிய கருவிதான். ஆரஞ்சுக் கண்ணாடி உருண்டைக்குள் எரியும் சின்ன பல்பு, வெகு தொலைவிலுள்ள ஒரு ராட்சத நட்சத்திரம். அதைச் சுற்றிவரும் கம்பியின் நுனியிலுள்ள மரப்பந்து, அதன் கோள். பந்து ஒளியை மறைப்பதால் வட்டச் சுவரில் நிழல் விழும்.

பல்பை மாற்றினார். கண்ணாடியைத் துடைத்தார். இரண்டாவது நிழல் போகவில்லை. அது முதல் நிழலைவிட மெதுவாக நகர்ந்தது. தள்ளியிருக்கும் கோள் அப்படித்தான் மெதுவாகச் சுற்றும்.

கோள்கள் இழுப்பதால் நட்சத்திரம் லேசாக ஆடும். அந்த ஆட்டத்தை அளந்து, கோள்கள் இரண்டு என்று சொன்னவள் வானாய்வுக் கூடத்தில் வேலை செய்யும் அவருடைய தங்கை. "பேப்பர்ல ஒண்ணுன்னுதான் போட்டிருக்கான். உனக்கு மட்டும் ரெண்டா தெரியுதுன்னா கண்ணாடிய மாத்து தாயே" என்று எல்லார் முன்னாலும் சிரித்துவிட்டு, இரண்டாவது கோளுக்கென்று வைத்திருந்த கம்பியைத் தச்சர் வெட்டி எறிந்திருந்தார்.

திறப்பு விழாவன்று காலையில் தங்கை வந்து சுவரைப் பார்த்தாள்.

"கண்ணாடிய மாத்திட்டேண்ணா. இப்பவும் ரெண்டாத்தான் தெரியுது."

அவரால் தலை நிமிர முடியவில்லை. "எனக்கும்தாம்மா. அன்னைக்கு அத்தனை பேர் முன்னால பேசினது தப்பு."

"ஜனம் வர்றதுக்குள்ள ஏதாவது பண்ணு."

இன்னொரு பந்தைக் கடைந்து, நீளமான கம்பியில் செருகி, விளக்குக்கும் அந்த நிழலுக்கும் நடுவே பொருத்தினார். மூன்றாவது நிழல் விழவில்லை.