அம்மாவுக்காக யார் பேசுவது?

"பொம்பளைங்க பிரசங்க பீடத்துல ஏறக்கூடாதும்மா. சபையில பெண் அமைதியா இருக்கணும்னு வேதத்துலயே இருக்கு," என்றார் போன வாரம்தான் வந்து சேர்ந்திருந்த புதுப் போதகர்.

டீச்சருக்கு ரத்தம் கொதித்தது. எதிரே சவப்பெட்டிக்குள் அவள் அம்மா கிடந்தாள்.

"நான்தான் பேசணும்னு அம்மா சொல்லிட்டுப் போனாங்க, ஐயா."

"ஆம்பளைப் பிள்ளை குத்துக்கல்லாட்டம் நிக்கும்போது நீங்க எதுக்கு? அண்ணன் பேசட்டும்."

அண்ணன் போதகரின் உதடுகளையே முறைத்துக்கொண்டிருந்தான்.

"ஐயா, அவரு வந்து..." என்று ஆரம்பித்தார் தேவாலயப் பணியாளர்.

"விடுங்க," என்று பல்லைக் கடித்தாள் டீச்சர். "அண்ணனே பேசட்டும்."

அண்ணன் விறுவிறுவென்று பீடத்தில் ஏறினான். போதகர் பக்கத்தில் நின்று மைக்கை அவன் உயரத்துக்குத் தூக்கிவிட்டார். அண்ணன் வாயைத் திறக்கவில்லை. கைகள்தான் பேசின, விரல்கள் காற்றை வெட்டின. பிறந்ததிலிருந்தே அவனுக்குக் காதும் கேட்காது, பேச்சும் வராது. அது தெரியாத ஒரே ஆள் போதகர்தான்.

அவர் முகம் வெளிறிவிட்டது. "என்னம்மா சொல்றாரு?"

டீச்சர் எழுந்து பீடத்தை நோக்கி நடந்தாள்.

"'அம்மாவைப் பத்தி என் தங்கச்சி பேசுவா. நீங்க கீழே இறங்கி வழி விடுங்க'ங்கிறாரு, ஐயா."