சுத்தமான வேலை

ஜாடியைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நானூறு வருஷத்துச் சீன ஜாடி. இளம்பச்சை மெருகு. அதன் கழுத்தில் மஞ்சள் பசையை அப்பி, வழியவிட்டு, கோணலாக ஒட்டி வைத்திருந்தார்கள்.

"யாரு சார் ஒட்டினது? போஸ்டர் ஒட்டுறவரா?"

கொண்டுவந்தவர் லேசாகச் சிரித்தார். "கிட்டத்தட்ட அப்படித்தான்."

கழுத்து ஆடுகிறது, ஆடாமல் இருந்தால் போதும், மற்றது அப்படியே இருக்கட்டும் என்றார். வாசல் வரை போனவர் திரும்பி மறுபடியும் அதையே சொன்னார்.

ஆடாமல் இருந்தால் போதுமாம். எப்பேர்ப்பட்ட பொருள் யார் கையில் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று அவளுக்கு ஆற்றாமை. மூக்குடைந்த கற்சிலைகளையும் நொறுங்கிய பீங்கான்களையும் தேற்றி எடுத்தே பேர் வாங்கியவள். அரைகுறை வேலை அவளுக்கு ஆகாது.

பஞ்சை அசிட்டோனில் நனைத்துப் பழைய பசையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தாள். வழிந்து காய்ந்த ஒரு சொட்டில் சின்னக் கட்டைவிரல் ரேகை ஒன்று அச்சாகப் பதிந்திருந்தது. வேலை தெரியாத கை என்று முணுமுணுத்தபடி அதையும் துடைத்தாள். துண்டுகளைப் பொருத்தி, இடுக்கை நிரப்பி, நிறம் கூட்டி முடித்தபோது, உடைந்த இடத்தை அவளே தேட வேண்டியிருந்தது.

திரும்ப வாங்கிப் போக வந்தவர் ஜாடியை மெல்லத் திருப்பினார். அவருடைய கட்டைவிரல் கழுத்தைச் சுற்றித் தடவிக்கொண்டே போயிற்று.

"தேடாதீங்க சார், கிடைக்காது" என்றாள் பெருமையாக. பிறகு ஜாடியைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைக் காட்டினாள்.

"இங்க பாருங்க. மெருகுக் குழம்புல முக்கி எடுக்கறப்போ குயவன் பிடிச்சிருந்த இடம். விரல் இருந்த இடத்துல மெருகு ஏறலை. அவன் பேரு தெரியாது, முகம் தெரியாது. அவனோடதுன்னு இது ஒண்ணுதான் மிச்சம். இந்த இடத்துல நான் பஞ்சுகூட வைக்கலை."

அவர் அந்த அடையாளத்தின் மேல் தன் விரலை வைத்தார். எடுக்கவில்லை.

"வீட்ல சின்னப் பசங்க இருந்தா எட்டாத இடத்துல வைங்க சார்."

"இப்ப யாரும் இல்லம்மா."

கொஞ்சம் தயங்கிக் கேட்டார். "கழுத்துல இருந்த அந்தப் பசை... எடுத்து எங்கயாவது வெச்சிருக்கீங்களா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதையா? அது அப்பவே கரைஞ்சு போச்சு. எதுக்கு சார்?"

"ஒண்ணுமில்லம்மா. வேலை சுத்தமா இருக்கு."

ஜாடியைத் துணியில் சுற்றிக்கொண்டு கதவு வரை போய் நின்றார். முகத்தைத் திருப்பவில்லை.

"எம் பையன் உடைச்சது. நான் திட்டுவேன்னு பயந்து அவனே ஒட்டியும் வெச்சான். அவனோடதுன்னு அது ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு."