பையைத் தொட எட்டு மாதம்

"முன்னாடியே சொல்லிடறேன். பேக்பைப்ல பையைத் தொடவே எட்டு மாசம் ஆகும். அதுவரைக்கும் வெறும் குழல்தான்."

"இருக்கட்டும்."

"மூணாவது வாரமே பாதிப் பேர் ஓடிடுவாங்க. உங்களுக்கு அவ்வளவு பொறுமை உண்டா?"

"உண்டுன்னு காட்டத்தான் வந்திருக்கேன், டீச்சர்."

டீச்சர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பதிவேட்டில் எழுதிக்கொண்டார். அந்தப் பேச்சு நடந்து இந்தச் சனிக்கிழமையோடு சரியாக எட்டு மாதம். பெஞ்சில் தன் முறைக்காகக் காத்திருந்த, கடிகாரம் பழுதுபார்க்கும் வாட்ச்காரருக்கு ஒரு சொல் விடாமல் நினைவிருந்தது.

பெரியவர்களுக்கான அந்த வகுப்பு, பள்ளி மைதானத்தின் கோடியில், விளையாட்டுச் சாமான்கள் போட்டுவைக்கும் அறையில் நடந்தது. பந்துகளையும் கிழிந்த வலைகளையும் தவிர வேறு யாரும் அந்தச் சத்தத்தைத் தாங்கமாட்டார்கள். ஒன்பது பேராக ஆரம்பித்து இப்போது நான்கு பேர் மிச்சம்.

அதில் வாட்ச்காரர்தான் கடைசி. வாழ்நாளெல்லாம் விரல் நுனியால் பொடிப்பொடி சக்கரங்களைத் தூக்கி வைத்துப் பழகிய கை அது. குழலின் துளைகளையோ நுனியால் மூடக்கூடாது. விரலைத் தட்டையாகப் படியவிட்டு, நடுப்பகுதியால் மூட வேண்டும். அவர் ஊதினாலே காற்று கசிந்து கீச்சென்று கத்தும்.

முதலிடம் நீச்சல் கோச்சுக்கு. முப்பத்தைந்து வயது, கதவு அகல மார்பு. அவர் ஊதினால் முடிவே வராது. "மூச்சுன்னா இது மூச்சு" என்று டீச்சர் ஒருமுறை சொல்லிவிட்டார். அன்று முழுவதும் வாட்ச்காரருக்கு ஒரு கடிகாரமும் ஓடவில்லை.

இன்று அதைவிட மோசம். முதன்முதலாகப் பையைக் கொடுத்த நாள் இது. பையை அக்குளில் இடுக்கி கோச் ஊத, தோளில் சாய்ந்த மூன்று நீளக் குழாய்களையும் டீச்சர் எட்டி எட்டித் திருகிச் சுருதி சேர்த்தார். சுருதி சேரும்வரை இரண்டு பேரும் ஒரு குடைக்குள் நிற்பதுபோல நின்றார்கள். 'மூணு குழாய்க்கு இவ்வளவு நேரமா?' வாட்ச்காரர் கையில் கட்டியிருந்ததைப் பார்த்தார். நான்கு நிமிடம், இருபது விநாடி.

பிறகு டீச்சர் வகுப்பில் அதுவரை சொல்லித்தராத மெட்டு ஒன்றைக் குழலில் வாசித்துக் காட்டினார். பாதிகூட முடியவில்லை, மீதியை வாட்ச்காரர் முணுமுணுத்துவிட்டார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் கோச்.

"கதவுக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து கேட்டிருக்கேன்."

டீச்சர் சட்டென்று திரும்பிக்கொண்டு, நன்றாகவே இறுகியிருந்த ஒரு குழாயை மறுபடி இறுக்கினார்.

கோச் பெஞ்சில் வந்து உட்கார்ந்து, வாட்ச்காரரின் காதோரம் குனிந்தார். "அண்ணே, டீச்சர் ஒரு வருஷமா தனியாத்தான் இருக்காங்களாம். இன்னிக்கு வகுப்பு முடிஞ்சதும் காபி சாப்பிடக் கூப்பிட்டுடலாம்னு இருக்கேன். நீங்க பெரியவர், எப்படி ஆரம்பிக்கலாம், சொல்லுங்க."

ஊரில் வேறு ஆள் கிடைக்காமல் இதை என்னிடமா கேட்க வேண்டும் என்று இருந்தது அவருக்கு.

"அவங்களுக்கு அவசரக்காரங்களைப் பிடிக்காது" என்றார்.

"உங்களுக்கெப்படித் தெரியும்?"

"பையைத் தொட எட்டு மாசம் வெச்சாங்களே, அதுலயே தெரியலையா?"

கோச் சிரித்துவிட்டு, ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சரிசெய்துகொண்டார். அவர் கேட்டுவிட்டால்? டீச்சரும் சரி என்றுவிட்டால்? எட்டு மாதமாக வாட்ச்காரரும் ஒன்று கேட்கத்தான் ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தார். டீச்சர் பக்கத்தில் வரும்போதெல்லாம் அவர் வாயில் குழல் இருந்தது.

"அடுத்து நீங்க" என்றார் டீச்சர்.

வாட்ச்காரர் எழுந்தார். பை அக்குளில் நிற்காமல் வழுக்கியது. டீச்சர் கொஞ்ச நேரம் பார்த்தார். "உங்க விரலை நம்பி இதை ஆரம்பிக்க முடியாது. நீங்க ஊதி, பையை மட்டும் அமுக்குங்க. துளையை நான் பார்த்துக்கறேன்."

ஊதுவது ஒருவர், வாசிப்பது ஒருவர். புதிதாகப் பை பிடிப்பவர்களுக்கு அப்படி ஒரு பயிற்சி உண்டு. டீச்சர் எதிரே நின்று குழலில் விரல்களை வைத்தார். வாட்ச்காரர் ஊதினார். முதலில் ஒரு முனகல், பிறகு அந்த மெட்டு, கதவு கிதவு எதுவும் நடுவில் இல்லாமல் முழுசாக வந்தது. மற்ற இரண்டு பேரும் கை தட்டினார்கள். கோச் தட்டவில்லை.

"அப்படித்தான். நிறுத்திடாதீங்க" என்றார் டீச்சர்.

வாட்ச்காரர் நிறுத்தினார். வாயிலிருந்து குழாயை எடுத்ததும், பை கன்றுக்குட்டி மாதிரி ஓலமிட்டு அடங்கியது.

"நல்லாத்தானே வந்துட்டிருந்தது. ஏன் நிறுத்தினீங்க?"

"இது வாயில இருந்தா பேச முடியல." அவர் கோச்சைப் பார்க்கவில்லை, டீச்சரின் விரல்களையே பார்த்தார். "நீ வாசிக்கிறது என் வேலைக்கு இடைஞ்சல்னு அன்னிக்கு உன் முகத்துக்கு நேரா அறைஞ்சு சாத்தினேனே, அந்தக் கதவையே கழட்டிட்டேன். கட்டின பொண்டாட்டியை எட்டு மாசமா டீச்சர்னு கூப்பிட்டாச்சு, போதும். பையை எடுத்துக்கிட்டு நம்ம வீட்டுக்கு வந்துடு."